விரல் மடங்குவது ஏன் என்று கேட்ட இரக்கம்

தொழுநோயாளருக்கு உதவுவதைக் கிறிஸ்தவச் சபைகள் தங்கள் விசுவாசத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றாக நெடுங்காலமாகவே கருதி வந்துள்ளன. அம்பாலாவில் தொழுநோயாளர் படும் பாட்டை நேரில் கண்ட வெல்லெஸ்லி பெய்லி என்பவர் 1874-இல் டப்ளின் நகரில் தொடங்கிய தொழுநோய் மிஷன், இந்தியா முழுவதும் காப்பகங்களை நடத்தவும் அவற்றுக்குப் பணம் அனுப்பவும் செய்தது. கத்தோலிக்கத் துறவற சபைகளும் லூத்தரன், மெதடிஸ்ட் மிஷன்களும் தத்தம் பகுதிகளில் இத்தகைய இல்லங்களை அமைத்தன. வீட்டாரால் கைவிடப்பட்டு வந்தவர்களுக்கு அங்கே கூரை கிடைத்தது. கஞ்சி, துணி, கட்டுப்போட ஓர் ஆள், இறந்தால் அடக்கம் செய்ய ஓர் இடம் ஆகியவையும் கிடைத்தன. இவற்றில் எதையும் சிறிதென்று சொல்வதற்கில்லை. ஆனால் இந்நோயாளிகளின் விரல்கள் ஏன் மடங்கிப் போகின்றன, மடங்கிய விரல்களை நிமிர்த்த முடியாதா என்ற கேள்வியை, எலும்பையும் தசைநாரையும் அறிந்த ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் முறையாகக் கையில் எடுக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி வேலூரிலிருந்து எழுந்தது. இரக்கம் எப்போது விசுவாசத்தின் செயலாகிறது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான நிகழ்வு ஒன்று தமிழகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதன் வேர் வேதாகமத்தில் இருக்கிறது. லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரம் குஷ்டரோகியைப் பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்கச் சொல்கிறது. எதிரே வருவோர் விலகிப்போகும்படி ‘தீட்டு, தீட்டு’ என்று அவனே சத்தமிட வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தப் பின்னணியில்தான் மாற்கு முதலாம் அதிகாரத்தில் வரும் காட்சியைப் படிக்க வேண்டும்: “இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு” என்கிறது வசனம். ஒரு வார்த்தை சொல்லியே குணமாக்கியதாகப் பிற இடங்களில் சுவிசேஷங்கள் கூறுகின்றன. இங்கே கை முதலில் நீள்கிறது, சொல் பிறகு வருகிறது. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதையே வேறு வகையில், சற்றே காரமாகச் சொல்கிறார். உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லிவிட்டு, சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பினால் என்ன பயன் என்று கேட்டு, கிரியைகள் இல்லாத விசுவாசம் செத்தது என்று தீர்ப்பும் சொல்கிறார்.

நல்ல சமாரியன் உவமையும் இவ்வகையில் அடிக்கடி எடுத்தாளப்படுவதுதான். ஆனால் நம் பிரசங்கங்களில் விலகிப்போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் கிடைக்கும் இடம், சமாரியனின் செலவுக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. அவன் மனதுருகியதோடு நிற்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தான் ஏறிவந்த வாகனத்தில் அவனை ஏற்றினான். சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்தான். அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கும் கொடுத்தான். காயத்துக்கு என்ன மருந்து என்ற அறிவும், மறுபடியும் வந்து பார்க்கும் பொறுப்பும் அந்த இரக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தொழுநோய்ப் பணியின் வரலாற்றில் இவ்விரண்டும்தான் காலந்தாழ்ந்து வந்தன.

தாமதத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நோர்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873-இல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தும், அதைக் கொல்லும் மருந்து அடுத்த எழுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழியே செலுத்துவதுதான் சிகிச்சையாக இருந்தது; வலி மிகுதி, பலன் குறைவு. 1898-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம், ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அதிகாரம் அளித்தது. ஆகவே அக்காலத்து மிஷன் காப்பகம் அடைக்கலமாகவும் இருந்தது, ஊருக்கும் நோயாளிக்கும் இடையே எழுந்த சுவராகவும் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அன்போடு நடத்தப்பட்டார்கள் என்பது உண்மை. அவர்கள் திரும்பிப்போக ஓர் ஊர் இருக்கும் என்று அந்த அன்பு எதிர்பார்க்கவில்லை என்பதும் உண்மை.

வேலூருக்கு வந்த அந்த நிபுணர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோரான ஜெசி பிராண்டும் ஈவ்லினும் மலைவாழ் மக்களிடையே மருந்தும் பள்ளியும் சபையுமாக ஊழியம் செய்தவர்கள். சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் தொழுநோயாளர் மூவர் மலையேறித் தம் வீட்டுக்கு வந்ததையும், வருவோர்க்கெல்லாம் வெறுங்கையால் மருந்திடும் தந்தை அன்றைக்குக் கையுறை அணிந்து கட்டுப்போட்டதையும், பிள்ளைகள் அருகே வரக்கூடாதென்று தடுக்கப்பட்டதையும் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அச்சமும் இரக்கமும் ஒரே முற்றத்தில் இருந்தன. தந்தை 1929-இல் மலைக் காய்ச்சலால் இறந்தார். இங்கிலாந்தில் படித்துவந்த மகன், மருத்துவத்துக்கு வருமுன் தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைப் பயின்றவர். மிஷனரியாவதற்கு உதவும் என்று கற்ற அந்தக் கைத்தொழில் பிறகு எங்கே பயன்பட்டது என்பதைக் கீழே காணலாம். லண்டனில் அறுவைச் சிகிச்சை பயின்று, 1946-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, ‘ஊழியம் கொள்ளும்படி அல்ல, ஊழியம் செய்யும்படி’ என்ற வசனத்தைக் குறிக்கோளாகக் கொண்டு வளர்த்த நிறுவனம் அது.

அதற்கு அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவரான ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்டை அழைத்துச் சென்றார். வளாகத்தைச் சுற்றி வரும்போது நோயாளிகளின் முடங்கிய கைகளைப் பற்றி பிராண்ட் கேட்டதற்கு, போலியோவைவிட அதிகம் பேரை முடமாக்கும் இந்நோயின் பக்கம் எலும்பு மருத்துவர்கள் எவரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்று காக்ரேன் சற்றுக் கடுமையாகவே பதில் சொன்னாராம். அங்கே ஓர் இளைஞர் செருப்பின் வாரைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். மடங்கிய விரல்களுக்கு இடையே வார் நழுவி நழுவிப் போயிற்று. பிராண்ட் தம் கையை அவர் கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவே இருக்காது என்று எண்ணியவருக்கு, நகங்கள் பதிந்து வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. கை செத்துப்போகவில்லை, அதன் தசைகளில் பெரும்பகுதி நல்ல நிலையில் உள்ளது என்று அந்தக் கணத்தில் புரிந்தது.

தொடுதல் என்ற ஒரு செயல் இங்கே என்ன வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழுநோயாளரைத் தொட்டவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். கட்டுப்போட்ட கைகள் எத்தனையோ. அவர்கள் ஆறுதலுக்காகத் தொட்டார்கள். இவர் ஆறுதலோடு ஒரு கேள்வியையும் வைத்துத் தொட்டார்.

விடை உடற்கூற்றில் கிடைத்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுகிறது. ஆகவே நரம்புகள் தோலுக்கு அருகே வரும் சில குறிப்பிட்ட இடங்களில், அதாவது முழங்கைக்கு அருகே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முழங்காலின் வெளிப்புறத்தில், கணுக்காலில், முகத்தில், அவை வீங்கிச் செயலிழக்கின்றன. இறந்த நோயாளி ஒருவரின் உடலைத் திறந்து நரம்புகளை முழு நீளத்துக்கும் ஆராய்ந்தபோது, அந்த வீக்கங்களின் ஒழுங்கு பிராண்டுக்குத் தெளிவாயிற்று. முன்கையின் வலிய தசைகள் பலவற்றுக்குச் செல்லும் கிளைகள் பாதிப்பு நேரும் இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. அதனால் பிடி இறுகுகிறது. உள்ளங்கையின் நுண்ணிய தசைகள் மட்டும் செயலிழப்பதால் விரல்கள் பறவையின் கால்நகம்போல் வளைகின்றன. அப்படியென்றால், நன்றாக இருக்கும் தசைநார் ஒன்றை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையை அதற்குப் பழக்கலாம். போலியோவில் கையாளப்பட்ட இந்த முறையைத் தொழுநோய்க் கைகளுக்கு ஏற்ப மாற்றி, பிராண்டும் அவர் குழுவினரும் தொடர்ந்து செய்தார்கள். அவர் மனைவியும் கண் மருத்துவருமான மார்கரெட், இமை மூட முடியாமல் பார்வை இழக்கும் நோயாளிகளுக்கு இதே தத்துவத்தில், மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் சிகிச்சையைச் செய்தார். இமையை மூட நோயாளி பல்லைக் கடித்தால் போதும்.

இரண்டாவது கண்டுபிடிப்புக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படவில்லை. பொறுமை மட்டுமே தேவைப்பட்டது. தொழுநோயாளரின் சதை கெட்டது, வைத்தியத்துக்கு ஆறாது, விரல்கள் தாமாக உதிர்ந்துவிடும் என்றே மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். அறுவைச் சிகிச்சையின் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதைப் போலவே இவர்களுக்கும் ஆறியதைக் கண்டதும் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பிராண்ட் திணறியபோது, அருகில் இருந்த தொழுநோயுற்ற சிறுவன் சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் வடிந்தது. பார்த்தால் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. கெட்டது சதையன்று, வலி என்னும் காவல் போய்விட்டது என்பது அப்போது உறைத்தது. அதன்பின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள்: சூடான பாத்திரம், கரடுமுரடான மண்வெட்டிப் பிடி, செருப்புக்குள் கிடந்த ஆணி. இரவில் படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் காணாமற்போவது ஏன் என்பது மட்டும் விளங்காமல் இருந்தது. விழித்திருந்து பார்த்தபோது, உறங்குகிறவரின் உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்பது தெரிந்தது. அதற்கு மருந்தாகத் தரப்பட்டது பூனை. சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரும் ஒரு பூனையைக் கொண்டுபோகும் வழக்கம் வந்தது. மருத்துவ வரலாற்றில் இத்தனை எளிய பரிந்துரை வேறு உண்டா என்று தெரியவில்லை.

கைகள் நிமிர்ந்தன, ஆனால் சிக்கல் தீரவில்லை. குணமாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சைக்கு உதவவில்லை என்று முறையிட்டார்கள். முடங்கிய கையைக் கண்டு காசு போட்ட ஊர், நிமிர்ந்த கைக்குக் காசும் போடவில்லை, தொழுநோயாளர் என்பதால் வேலையும் தரவில்லை. இரக்கத்தின் பேரில் செய்த ஒரு செயல் அந்த மனிதரின் ஒரே பிழைப்பைப் பறித்திருந்தது. பெரும்பாலான தரும காரியங்கள் தங்கள் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக் கணக்கை மூடுவது இந்த இடத்தில்தான். வேலூரில் மூடவில்லை. 1950-களின் தொடக்கத்தில், கல்லூரி வளாகத்தை ஒட்டி மண்சுவரும் கூரையுமாக ஒரு சிறு குடியிருப்பு எழுந்தது. நவஜீவ நிலையம் என்று அதற்குப் பெயர். சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தார்கள். பிராண்டின் பழைய கட்டடத் தொழில் இங்கே உதவிற்று. உளியையும் சுத்தியலையும் உணர்வற்ற கை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே துணி சுற்ற வேண்டும் என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்தே கண்டுபிடித்தார்கள். எந்தக் காயம் எந்த வேலையால் வந்தது என்ற பதிவும் அதனால்தான் சாத்தியமாயிற்று.

1955-இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டதும் பணி இன்னும் விரிந்தது. மரமற்ற பொட்டலாக இருந்த அந்நிலத்தை, பிற்காலத்தில் மையத்தின் இயக்குநராக இருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி மரங்கள் நட்டுச் சோலையாக்கினார் என்பது வேலூர்ப் பக்கத்தில் பலரும் அறிந்தது. கையைவிடக் கால்தான் நீண்ட தலைவலியாக இருந்தது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் உணர்வற்ற பாதத்தின் அதே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் ஆழமாகும். கடினமான தோலும் டயரும் உதவவில்லை. மிக மென்மையான பஞ்சு ரப்பரும் நசுங்கிப்போயிற்று. பாதத்தின் வடிவுக்கு இசைந்து, அழுத்தத்தைப் பரப்பி, நாள்பட உழைக்கும் நுண்துளை ரப்பர் ஒன்றைப் பல சோதனைகளுக்குப் பிறகு உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதை வெட்டித் தைக்கச் செருப்புத் தொழிலாளர்களைப் பயிற்றுவித்தது, அறுவைச் சிகிச்சையைப் பயிற்றுவித்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இந்த வரலாற்றில் மேரி வர்கீஸ் என்பவருக்குத் தனி இடம் உண்டு. கொச்சியைச் சேர்ந்த இவர் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி மருத்துவப் பணி இல்லை என்று அவரே முடிவுகட்டியிருந்த வேளையில், கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளை மேரி சீர்ப்படுத்தினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உதவுபவர் ஒரு பக்கம், உதவி பெறுபவர் மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பேசும் வழக்கத்தை மேரியின் மேசை குலைத்துவிட்டது. எதிரே இருப்பவரும் தன் உடலில் ஒன்றை இழந்தவர்தான் என்பதை அறிந்த நோயாளி, ‘உழைத்துப் பார்’ என்ற சொல்லை அவரிடமிருந்து கேட்பது வேறு. இரண்டு காலில் நிற்பவரிடமிருந்து கேட்பது வேறு.

இப்பணியைக் குறித்த ஐயங்களையும் பேசியாக வேண்டும். மிஷன் மருத்துவம் என்றாலே மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற குற்றச்சாட்டு பழையது. பிழைக்க வேறு வழியில்லாதவர் காப்பகத்தின் மதத்தைத் தழுவும்போது அதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு நிர்ப்பந்தம் என்று பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் தசைநார் மாற்று முறை, செருப்பு, பூனை ஆகியவற்றுக்கு மதம் கிடையாது. அரசு மருத்துவமனைகளும் அவற்றை எடுத்துக்கொண்டன. பிராண்ட் முதன்முதலில் கைகுலுக்கிய திருமணி மருத்துவமனையே 1955-இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. மற்றோர் ஐயம் எனக்கே உண்டு: இந்தக் கதையை நாம் எப்போதும் ஒரு வெளிநாட்டு மருத்துவரின் கதையாகவே சொல்லி வருகிறோம். அறுவைக்குப் பின் ஒவ்வொரு விரலாக மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தவர்கள், சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்த் தேமலைத் தேடிப் பார்த்தவர்கள், புண் கழுவியவர்கள் ஆகியோர் பெரும்பாலும் இந்நாட்டவர். தாமே நோயுற்று மீண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகும் கரிகிரியில் வேலை நிற்காததற்குக் காரணம் இவர்களே.

பிராண்ட் 2003-இல் காலமானார். அதற்குள் நிலைமை பெரிதும் மாறியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைத் திட்டமான காலத்துக்குள் குணமாக்குகிறது. இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற தேசிய இலக்கு 2005-இல் எட்டப்பட்டது; 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது; தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019-இல் தனிநபர் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்நாட்டில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. குணமான பின்னும் உணர்வற்ற பாதத்தோடு வாழ்நாளெல்லாம் நடக்க வேண்டியவர்கள் ஏராளம். இவர்களுக்காகக் கண்டறியப்பட்ட பாதப் பராமரிப்பும் செருப்பும் இன்று சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெருங்கூட்டத்துக்குப் பயன்படுகின்றன.

ஜனவரி கடைசி ஞாயிறன்று உலகத் தொழுநோய் நாளை அனுசரிக்கும் சபைகள் உண்டு. அன்று ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. காணிக்கைத் தட்டு சுற்றி வருகிறது. அருகிலுள்ள தொழுநோயாளர் குடியிருப்புக்கு அரிசியும் போர்வையும் போகின்றன. போகட்டும், தேவைதான். ஆனால் அங்கே முதியவர் ஒருவர் தினமும் செய்ய வேண்டியது வேறு. காலைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்கும் குனிய முடியாதவருக்கும் அதைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த ஒருவர், கரிகிரி போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற ஊழியராக இருக்கலாம், குடியிருப்பின் சுயபராமரிப்புக் குழுவைச் சேர்ந்த மற்றொரு நோயாளியாக இருக்கலாம். பக்கத்துச் சபையின் உறுப்பினராக இருப்பது இன்றும் அரிதாகவே இருக்கிறது.